ஆராய்ச்சிக்கூடமும் அடிபம்பும்

(சங்கத்தின் வெள்ளி விழாவில் இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாக் குழுவினர் எமக்கு அளித்த தலைப்பு, 'அரசாங்க ஆராய்ச்சியும் பொதுமக்களும்' என்பது. தலைப்போ பெரிது, அளித்த நேரமோ சிறிது. அணுவையும் விண்கலத்தையும் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். நாம் இன்று பேச எடுத்துக்கொண்டது, நம் தெருமுனையில் துருவேறி நிற்கும் அடிபம்பு. அதைக் கண்டு யாரும் வியப்பதில்லை. ஆனால் ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்த அறிவு எவ்வழியாக மக்கள் கைக்கு வருகின்றது, எங்கே நின்றுவிடுகின்றது என்பதை அறிய, அதைவிட நல்ல பாடம் எமக்குத் தெரிந்தவரை வேறில்லை.

முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டைக் கூறிவிடுகின்றோம். நம்மில் வாக்களித்தோர் எல்லாருடைய இடக்கைச் சுட்டுவிரலும் ஓர் அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தின் பொருளைத் தாங்கியிருக்கின்றது. தேர்தல் மையைக் கூறுகின்றோம். புதுதில்லியில் உள்ள தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய அம்மை, 1962ஆம் ஆண்டின் மூன்றாவது பொதுத்தேர்தலிலிருந்து பயனில் உள்ளது. அதில் கலந்துள்ள வெள்ளி நைட்ரேட் தோலில் பட்டு வெளிச்சம் கண்டதும் கறுத்து ஒட்டிக்கொள்ளும். சோப்புக்கும் எண்ணெய்க்கும் அசையாது. ஆய்வுக்கூடச் செய்முறைகளைத் தொழிற்சாலைகளுக்கு உரிமம் வழியே சேர்ப்பிப்பதற்கென்று 1953ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம், அதனை மைசூரிலுள்ள அரசுடைமை வர்ணத் தொழிற்சாலையிடம் சேர்ப்பித்தது. இன்றும் அம்மை அங்கிருந்தே வருகின்றது. செல்வரின் விரலிலும் கூலியாளின் விரலிலும் ஒரே கறுப்பு!

இந்த மை இவ்வளவு எளிதாக மக்களிடம் வந்ததற்குக் காரணம் என்ன? அதை வாங்குவோர் தேர்தல் ஆணையம் ஒன்றே. பூசுவோர் பயிற்சி பெற்ற அலுவலர். நமது வேலை விரலை நீட்டுவது மட்டுமே. அது பழுதாவதில்லை, பழுது நீக்க ஆள் தேடவும் வேண்டுவதில்லை. ஆனால் நாள்தோறும் இருநூற்றைம்பது பேர் பிடித்து அடிக்கின்ற ஒரு கருவியின் கதை அவ்வாறு அன்று.

அக்கதையைத் தொடங்குமுன் கிணற்றைப் பற்றிச் சில சொற்கள் சொல்லியாக வேண்டும். ஊர்க் கிணற்றில் நம் குடமும் நம் கயிறும் இறங்கக் கூடாது என்பது பழைய கொடுமை. சட்டம் அதனை நெடுங்காலத்துக்கு முன்பே மறுத்துவிட்டது. பம்பாய்ச் சட்டசபை 1923ஆம் ஆண்டிலும், சென்னைச் சட்டசபை 1924ஆம் ஆண்டிலும் பொது நீர்நிலைகள் எவர்க்கும் உரியவை என்று தீர்மானித்தன. ஆயினும் மகாடு நகரத்துச் சவுதார் குளத்தின் நீரை அண்ணல் அம்பேத்கர் தம் மக்களோடு சென்று அள்ளிப் பருகியது 1927 மார்ச் 20ஆம் நாள். அக்குளம் பற்றிய வழக்கில் பம்பாய் உயர்நீதிமன்றம் நம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்ததோ 1937ஆம் ஆண்டில். தீர்மானத்திலிருந்து தீர்ப்பு வரை பதினான்கு ஆண்டுகள். பின்னர் வந்த அரசியலமைப்பின் பதினைந்தாம் பிரிவு கிணறு, குளம், நீராடுதுறை, சாலை என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தது. எழுதிய பின்னும் எத்தனை சேரிகளில் நம் தாய்மார்கள் வயற்காட்டுக் கிணற்றோரம் குடத்தை வைத்து, எவரேனும் இரங்கி ஊற்றுவாரா என்று வெயிலில் நின்றனர் என்பதை, இங்கு முன்வரிசையில் அமர்ந்துள்ள பாட்டிமார்கள் எம்மினும் நன்கு அறிவர்.

இந்நிலையில்தான் ஆழ்குழாய்க் கிணறு வந்தது. 1966-67இல் பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் கொடிய வறட்சி ஏற்பட்டது. அப்பொழுது ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியம், அதாவது யூனிசெஃப், கெட்டிப் பாறையைக் காற்றழுத்தத்தால் துளைக்கும் இயந்திரங்களைக் கொண்டுவந்து உதவியது. மாதக்கணக்கில் வெடிவைத்துத் தோண்ட வேண்டிய இடத்தில், ஏறத்தாழ அரையடி விட்டத்துக்குட்பட்ட துளை ஒன்று சில நாட்களில் நீர் மட்டத்தைத் தொட்டது. தென்னாட்டின் கருங்கற் பூமிக்கு அது பெரிய வாய்ப்பு.

அந்தத் துளை குறுகியது. அதில் எவர் குடமும் இறங்காது. எவர் கயிறும் நனையாது. மேலே ஒரு பம்பைப் பொருத்தினால் யார் அடித்தாலும் நீர் வரும். தீட்டு என்று கூறுவோர் தம் வாதத்தை எதில் தொங்கவிடுவது? பாறை துளைத்த பொறியியலார் எவரும் இதை எண்ணியிருக்க மாட்டார். அவர்கள் எண்ணியது நீர்மட்டத்தையும் நோய்க் கிருமியையும் மட்டுமே. எனினும் நம் மக்கள் அதனை உடனே கண்டுகொண்டனர். சாதி அத்தனை எளிதில் தோற்கவில்லை என்பதும் உண்மையே. கயிற்றிலிருந்து அது கைப்பிடிக்கு மாறியது. நாம் அடித்த பின் கைப்பிடியைக் கழுவிவிட்டுத் தொடுவோரையும் பார்த்தோம். ஊருக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று இரண்டு பம்புகளை நட்டுவிட்டு, சச்சரவு தீர்ந்தது என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டதையும் பார்த்தோம். அப்படியாயினும் காலனியில் நின்ற அந்த ஒரு பம்பு, பிறர் கை ஊற்றும் நீருக்குக் காத்திருக்கும் நிலையிலிருந்து நம் பெண்களை விடுவித்தது. அதனைச் சிறிது என்று நாம் கருதவில்லை.

ஆனால் அந்தப் பம்பு நின்றுபோனால்?

முதலில் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் வார்ப்பிரும்புப் பம்புகள். மேல்நாட்டுப் பண்ணை வீட்டில் ஒரு குடும்பம் நாளில் சில தடவை அடித்துக்கொள்வதற்காக அமைந்த உருவம் அது. நம் நாட்டில் விடியற்காலை முதல் இரவு வரை ஓயாமல் அடித்தார்கள். கைப்பிடியும் ராடும் சேரும் இடத்தில் இருந்த முளைகள் தேய்ந்தன. ராடு நேராக ஏறி இறங்காமல் சாய்ந்து இழுபட்டது. வார்ப்பிரும்புக் கைப்பிடி வெடித்தது. 1970களின் நடுவில் பார்வையிட்டபோது, நட்டவற்றுள் நான்கில் மூன்று பங்கு நீர் தராமல் நின்றதாகக் கண்டறிந்தனர். பாறையைத் துளைக்க வெளிநாட்டு இயந்திரம் வந்தது. துளையின் தலையில் இருந்த கருவியோ ஓராண்டுகூடத் தாங்கவில்லை.

இதற்கு விடை முதலில் எங்கிருந்து வந்தது என்பதை இளைஞர்கள் கவனிக்க வேண்டும். அது பெரிய ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வரவில்லை. மகாராட்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் கிறித்தவ மிஷன்களைச் சார்ந்த பட்டறைகளிலிருந்து வந்தது. உடைந்த பம்புகளைத் திரும்பத் திரும்பச் சீர்செய்து அலுத்துப்போன கைவினைஞர்கள், வார்ப்பிரும்பை நீக்கி எஃகைப் பற்றவைத்துப் புதிய தலையைச் செய்தனர். சோலாப்பூர்ப் பம்பில் கைப்பிடியின் முனையில் வட்டத்தின் கால் பகுதி போன்ற வளைவு ஒன்று உண்டு. அதன்மேல் சங்கிலி படிந்து ராடைத் தூக்கும். சைக்கிள் சங்கிலி பல்லின்மேல் படிவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கைப்பிடி எவ்வளவு சாய்ந்தாலும் ராடு செங்குத்தாகவே ஏறி இறங்கும். தேய்மானத்தின் வேர் அங்கேயே அறுபட்டது.

அரசாங்க ஆராய்ச்சி இதன்பின் வந்தது. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தின் கிளையாகச் சென்னையில் இயங்கிய மெராடோ என்னும் அமைப்பும், யூனிசெஃப் பொறியாளரும், பொதுத்துறை நிறுவனமாகிய ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸின் சென்னைத் தொழிற்சாலையும், அரசாங்கமும் ஒன்றாக அமர்ந்தன. பட்டறையில் கையால் செய்த ஒன்றை, ஆயிரக்கணக்கில் ஒரே அளவாகச் செய்வது எப்படி என்பது அவர்கள் முன் இருந்த வினா. கைப்பிடி சுழலுமிடத்தில் பந்து பேரிங்குகள் வைத்தனர். உடல் முழுவதையும் எஃகால் அமைத்து, துரு ஏறாதிருக்கத் துத்தநாகம் பூசினர். பம்பின் பாதத்தைத் துளைக்குழாயின் தலையில் ஏற்றாமல், சுற்றிலும் சிமெண்டுக் காங்கிரீட்டில் புதைத்தனர். அதனால் அடிக்கும் அதிர்ச்சி குழாயைத் தாக்கவில்லை, சிந்திய அழுக்குநீர் உள்ளே திரும்பி இறங்கவுமில்லை. சோலாப்பூர்த் தலையை மார்க் ஒன்றாக எண்ணி, புதியதற்கு 'இந்தியா மார்க் இரண்டு' என்று பெயர் வைத்தனர்.

மாதிரிகளைச் சோதிக்க ஆய்வுக்கூடத்து மேசையை அவர்கள் நம்பவில்லை. கோயம்புத்தூரை அடுத்த கிராமங்களைத் தேர்ந்தெடுத்தனர். அங்கே நீர் மிக ஆழத்தில் கிடந்தது; அடிக்கும் கூட்டமும் மிகுதி. பம்புக்கு எது கடினமான வாழ்க்கையோ அதை முதலிலேயே கொடுத்துப் பார்த்தனர். நாம் இந்தச் செயலைப் போற்றுகின்றோம். இன்றும் எத்தனையோ கருவிகள், நன்கு துடைத்த மேசைமீது அதிகாரி முன்னிலையில் ஒருமுறை இயங்கிக் காட்டிவிட்டு, ரிப்பன் வெட்டப்பட்டு, பிறகு மூலையில் கிடக்கின்றன. 1977-78இல் மார்க் இரண்டு பெருமளவில் தயாராகத் தொடங்கியது. ஏறத்தாழ 45 மீட்டர் ஆழம் வரை இழுக்கும். 30 மீட்டர் அளவில் நீர் இருந்தால், நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து லிட்டர் தரும். ஒரு குடம் நிரம்ப ஒன்றேகால் நிமிடம் என்று நம் பெண்கள் கணக்கிட்டிருந்தனர், அக்கணக்கு சரியே.

இதில் எமக்கு மிகவும் உவப்பான செய்தி ஒன்று உண்டு. இந்த வடிவத்துக்கு எவரும் காப்புரிமை கொண்டாடவில்லை. வரைபடம் பொதுவுடைமை ஆயிற்று. இந்தியத் தர நிலையம் ஐ.எஸ். 9301 என்ற எண்ணில் அதன் அளவுகளை அச்சிட்டு வெளியிட்டது. எந்தத் தொழிற்சாலையும் செய்யலாம். ஆனால் தரச் சோதனையில் தேறினால்தான் அரசாங்கம் வாங்கும். அதனால் ஒரு தொழிற்சாலையின் சங்கிலி இன்னொரு தொழிற்சாலையின் பம்பில் பொருந்தியது. உதிரிப்பாகத்துக்கு ஒருவரையே நம்பிக் கிடக்கும் இடர் ஏற்படவில்லை. நம் நாட்டில் பல லட்சம் பம்புகள் நின்றன. ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றிலும் இதே உருவம் இன்றும் நீர் இறைக்கின்றது.

இவ்வளவும் நற்செய்தியே. இனி எங்கள் தெருவின் கதையைக் கூறுகின்றோம்.

1980களின் முற்பகுதியில், இச்சங்கம் தோன்றுவதற்கு நெடுநாள் முன்பே, எங்கள் காலனிக்கு மார்க் இரண்டு வந்தது. மேள தாளம் இல்லை. ஆனால் முதல் குடத்துக்குப் பொட்டிட்டார்கள். பழுது நீக்கத்துக்கு அக்காலத்தில் தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை இருந்தது. பம்பு ஒவ்வொன்றுக்கும் ஊரில் ஒரு பொறுப்பாளர். நூறு பம்புகளுக்கு ஒன்றியத்தில் ஒரு பிட்டர். ஐந்நூறு பம்புகளுக்கு மாவட்டத்தில் லாரியும் தூக்கு சாதனமும் கொண்ட ஒரு நடமாடும் குழு. தாளில் பார்த்தால் அழகிய முறை. பிற மாநிலங்களும் அதனைப் பின்பற்றின. ஊர்ப் பொறுப்பாளரின் வேலை என்ன தெரியுமா? போல்ட்டு நட்டுகளை முறுக்குவது, சங்கிலிக்குக் கிரீஸ் இடுவது, பழுதென்றால் அச்சிட்ட அஞ்சலட்டையில் குறித்து அனுப்புவது. அவ்வளவே. பம்பின் வயிறு அவருக்குத் திறவாது.

எங்கள் காலனிப் பம்பின் பொறுப்பாளராக ஊர்த்தெருக் கடைக்காரர் ஒருவரைக் குறித்திருந்தனர். அவர் தீயவர் அல்லர். ஆனால் அவர் வீட்டுப் பெண்கள் அந்தப் பம்பில் ஒரு குடமும் எடுத்தவர் அல்லர். சித்திரை மாதத்தில் ஒருநாள் பம்பு காற்றை மட்டுமே உமிழ்ந்தது. அஞ்சலட்டை பெட்டிக்குப் போக ஒன்பது நாள் ஆயிற்று. அதன்பின் மேலிடத்திலிருந்து மறுமொழி இல்லை. எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி, நீரில்லாத ஒவ்வொரு நாளுக்கும் தம் குடிசைச் சுவரில் ஒரு கரிக்கோடு இழுத்து வந்தார். நாற்பத்து மூன்று கோடுகள். அந்த நாற்பத்து மூன்று நாளும் நம் பெண்கள் பழையபடி வயற்காட்டுக் கிணற்றோரம் நின்றார்கள்.

நாற்பத்து நான்காம் நாள் லாரி வந்தது. கைப்பிடியைக் கழற்றி, சங்கிலியைப் பிரித்து, பத்தடிக் குழாய்கள் ஒவ்வொன்றாய் மேலே இழுத்துத் திருகி எடுத்து, அரை நாள் பாடுபட்டு அடியிலிருந்த சிலிண்டரைத் தூக்கினர். பழுது இதுதான்: உள்ளங்கையில் அடங்கும் ஒரு தோல் வாஷர் கிழிந்திருந்தது. சிலிண்டருக்குள் நீரைத் தூக்கும் பிஸ்டனைச் சுற்றி இருக்கும் கிண்ணம் போன்ற தோல் அது. கூட்டத்தில் நின்ற செருப்புத் தைக்கும் பெரியவர் அதனைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து, "இதற்கா இத்தனை நாள்? தோலை ஊறவைத்து அச்சில் அழுத்தினால் ஒரு பொழுதில் செய்து தந்திருப்பேனே" என்றார். அவர் செய்வது அளவுக்கு ஒத்திருக்குமா என்பது வேறு கேள்வி. அவரைக் கேட்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லையே, அதுதான் எம் நெஞ்சில் இன்றும் உறுத்துவது. சைக்கிள் கடையில் வேலை பார்த்த எங்கள் தெரு இளைஞர் ஒருவர், அந்தக் குழுவினர் செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் படமாக வரைந்துகொண்டார். அடுத்த பழுதின்போது நாங்களே பிரிக்கலாமா என்று அலுவலகத்தில் மனுக் கொடுத்தோம். அரசாங்கச் சொத்தில் கைவைத்தால் வழக்கு வரும் என்று திருப்பி அனுப்பினர்.

ஆராய்ச்சிக்கூடத்தின் தவறு இதில் சிறிது உண்டு. மார்க் இரண்டின் தலை அருமையாக அமைந்தது. அதன் வயிற்றைத் திறக்க மட்டும் லாரி தேவைப்பட்டது. இதை ஆராய்ச்சியாளர்களே உணர்ந்தனர். 1983 முதல் 1988 வரை மீண்டும் அதே கோயம்புத்தூர்ப் பகுதியில், உலக வங்கியும் ஐக்கிய நாடுகளின் வளர்ச்சித் திட்டமும் ஆதரிக்க, எண்பது பம்புகளை நாள்தோறும் கண்காணித்தனர். எது தேய்கின்றது, எத்தனை மாதத்தில் தேய்கின்றது, பிரிக்க எத்தனை பேர் வேண்டும் என்று ஒவ்வொன்றும் பதிவாயிற்று. தோல் வாஷரே அடிக்கடி ஆளை அழைக்கும் உறுப்பு என்று தெளிந்தது. அதற்கு மாற்றாக நைட்ரைல் ரப்பர் வாஷர் பொருத்திப் பார்த்தனர். அது தோலைவிட மிகுந்த காலம் உழைத்தது. நம் பெரியவரின் தொழில் ஒன்று இதனால் போயிற்றே என்று வருந்துவோர் உளரோ, அறியோம். நாம் வருந்தவில்லை. தோலைவிட ரப்பர் நன்றெனில் நமக்கு ரப்பரே வேண்டும். பெண்கள் காட்டில் நிற்கும் நாள் குறைந்தால் போதும்.

அந்தச் சோதனையின் பயனாக மார்க் மூன்று பிறந்தது. அதில் நீர் ஏறும் குழாய் அகன்றது, 65 மில்லிமீட்டர். சிலிண்டரின் வாய் மேலே திறந்திருக்கும். ஆகவே குழாய்களை எடுக்காமலே ராடுகளை மட்டும் இழுத்தால் பிஸ்டனும் வாஷரும் மேலே வந்துவிடும். லாரி வேண்டா, ஒரு மெக்கானிக்கும் ஒரு துணையாளும் போதும். அதாவது எங்கள் சைக்கிள் கடை இளைஞரும் அவர் தம்பியும் போதும். ஆனால் அகன்ற குழாய்க்கு விலை கூடுதல். மார்க் இரண்டோ ஏற்கெனவே எங்கும் நட்டாயிற்று. மார்க் மூன்று அதனளவு பரவவில்லை. நம் காலனிக்கும் வரவில்லை.

மனுவைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்தை நாம் நினைக்கும்போதெல்லாம், வேறோர் இடத்தில் நடந்ததையும் சேர்த்தே நினைப்பது வழக்கம். உத்தரப் பிரதேசத்தின் தென்கோடியில், அக்காலத்துப் பாந்தா மாவட்டத்தில், மானிக்பூர் ஒன்றியம் என்று வறண்ட பகுதி ஒன்று உண்டு. இன்று அது சித்திரகூட மாவட்டத்தில் உள்ளது. 1990களின் தொடக்கத்தில், மகிளா சமாக்யா என்னும் பெண்கல்வித் திட்டத்தின் கீழ், அங்குள்ள பெண்களுக்குக் கைப்பம்பு மெக்கானிக் பயிற்சி அளித்தனர். பயின்றோருள் பெரும்பாலோர் நம் போன்ற ஒடுக்கப்பட்ட மக்களும் கோல் பழங்குடியினரும், எழுத்தறியாதோர். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஸ்பானரைத் தோளில் தாங்கி, மைல்கணக்கில் நடந்து சென்று மார்க் இரண்டைப் பிரித்தனர், மூட்டினர். பெண்ணால் இது ஆகுமா என்றோர் இருந்தனர். தாழ்ந்த சாதியாள் தொட்ட பம்பா என்றோரும் இருந்தனர். நீர் வந்த பின் குடத்தைக் கொண்டுவர அவர்களும் தவறவில்லை.

அப்பெண்களுக்கு ஒரு புதிய தேவை ஏற்பட்டது. எந்தப் பம்பில் எந்த உறுப்பை மாற்றினோம், எத்தனை உதிரிப்பாகம் மிஞ்சியது என்று பதிவு வைக்க வேண்டும். அதற்கு எழுத்து வேண்டும். முன்பு எழுதப் படிக்க வாருங்கள் என்றால் வேலை இருக்கிறது என்று சொன்னவர்கள், இப்பொழுது தாமே எழுத்தைக் கேட்டனர். நீர், நிலம், பம்பு, குழாய் என்று தம் கையறிந்த சொற்களிலிருந்து தொடங்கினர். பின்னர் தாமே சுவர்த்தாள் போன்ற ஒரு செய்தித்தாளும் வெளியிட்டனர். அந்த வழியில் 2002ஆம் ஆண்டில் அப்பகுதியில் பிறந்ததுதான், பெண்களே எழுதி நடத்தும் 'கபர் லகரியா' என்னும் இதழ். வாஷரை மாற்றப் போனவர்கள் செய்தியாளருக்கு வழி திறந்தனர். மெராடோவின் வரைபடத்தில் இது எங்கும் குறிக்கப்படவில்லை.

இதற்கு மாறான ஒரு நிகழ்ச்சியையும் சுருக்கமாகக் கூறிவிடுகின்றோம். பம்பைப் புகழ்ந்துவிட்டு நீரைப் பாராது போதல் நன்றன்று. ஆழத்திலிருந்து வரும் நீரில் சில பகுதிகளில் ஃபுளோரைடு மிகுந்துள்ளது. ஆந்திரத்தில் அந்நாளில் இருந்து இப்பொழுது தெலங்கானாவைச் சேர்ந்த நல்கொண்டா, நம் நாட்டில் தருமபுரி, கிருட்டினகிரி ஆகிய பகுதிகள் இதனால் துன்புற்றவை. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத்தக்கதன்று. பல்லில் கறை ஏறும், நாளடைவில் எலும்பும் மூட்டும் இறுகும். நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு எளிய செய்முறை கண்டது. நல்கொண்டா முறை என்பது அதன் பெயர். படிகாரமும் சுண்ணாம்பும் உரிய அளவில் இட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல்நீரை எடுத்துக்கொள்வது. வாளியிலும் செய்யலாம். விஞ்ஞானம் பிழையற்றது. ஆனால் நீருக்கு நீர் அளவு மாறும். நாள்தோறும் அளந்து இட வேண்டும். சிறிது கூடினால் சுவை கெடும். அடியில் தங்கும் வண்டலை எங்கே கொட்டுவது? விடியுமுன் களையெடுக்கப் போகும் பெண்ணுக்கு இதற்கெல்லாம் பொழுது எது? வீடுகளில் அது நிலைக்கவில்லை. தருமபுரி மக்களுக்கு விடிவு வந்தது, 2013ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியாகக் காவிரி நீர் குழாயில் வந்தபோதுதான். கோயம்புத்தூரில் பம்பைக் கிராமத்துக்குக் கொண்டுபோய் அடித்துப் பார்த்தனர். படிகார வாளியை அப்பெண்ணின் காலைப் பொழுதுக்குள் வைத்துப் பார்த்திருந்தால், வேறு வழியை முன்பே தேடியிருப்பர் என்பது எமது கருத்து.

இப்பொழுது காலம் மாறிவிட்டது. நிலத்தடி நீர் இறங்கி, பல பம்புகள் வற்றி நிற்கின்றன. மின்மோட்டாரும் மேல்நிலைத் தொட்டியும் வந்தன. 2019ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு வீடு குழாய் வருகின்றது. வரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் தொட்டி உயரத்தில் உள்ளது. அதன் மூடியை யார் திறக்கின்றார் என்பது கீழே நிற்போருக்குத் தெரியாது. புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில், நம் மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்ததை நாடே அறியும். குழந்தைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. கிணற்றில் குடம் இறங்காதிருக்கத் தடுத்த காலத்திலிருந்து நாம் எவ்வளவு தொலைவு வந்திருக்கின்றோம் என்று அந்தச் செய்தியைப் படித்த அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

ஆகவே இளைஞர்களிடம் ஒரு செய்தியைச் சொல்ல விழைகின்றோம். ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பேருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நீரைச் சோதிக்கும் பயிற்சியும் ஒரு சிறு சோதனைப் பெட்டியும் தரவேண்டும் என்பது அது. பெட்டியில் சில புட்டிகளும் நிறம் காட்டும் அட்டையும் இருக்கும். நீரில் மருந்துத் துளிகளை விட்டு, மாறும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு, ஃபுளோரைடு எவ்வளவு, குளோரின் எவ்வளவு, கார அமிலத் தன்மை எவ்வளவு என்று அறியலாம். கிருமி உண்டா என்பதைக் காட்டும் புட்டியும் உண்டு. அதை ஓரிரு நாள் வைத்திருந்து, நிறம் கறுக்கின்றதா என்று பார்க்க வேண்டும். பள்ளியில் வேதியியல் பயின்ற நம் பெண்பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. பயிலாத பெண்களும் ஒருநாளில் கற்றுக்கொள்வர். மானிக்பூர்ப் பெண்கள் ஸ்பானரைக் கற்கவில்லையா?

சென்ற மாதம் இவ்விழாவின்பொருட்டு நாம் சில ஊர்களுக்குச் சென்றபோது, அந்த ஐந்து பேர் யார் என்று கேட்டோம். ஓர் ஊரில் பட்டியல் இருந்தது. பெட்டி ஊராட்சி அலமாரியில் பூட்டியிருந்தது. இன்னோர் ஊரில் ஐந்து பெயரும் ஒரே தெருவின் பெயர்கள். அது நம் தெரு அன்று. மூன்றாவது ஊரில் மட்டும், காலனியைச் சேர்ந்த இருபது வயதுப் பெண் ஒருத்தி பெட்டியை எடுத்து வந்து, எம் முன்னிலையில் நம் தெருக் குழாய் நீரையும் ஊர்த்தெருக் குழாய் நீரையும் அடுத்தடுத்துச் சோதித்து, இரண்டையும் ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதினாள். அந்த நோட்டில் அதற்கு முன் எழுதிய பதினொரு பக்கங்கள் இருந்தன.

இக்கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் தம்பி தங்கையர், தத்தம் ஊராட்சியில் அந்தப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். பெட்டி எங்கே இருக்கின்றது, திறவுகோல் யாரிடம் இருக்கின்றது என்றும் கேளுங்கள். கேட்டதைச் சங்க அலுவலகத்துக்கு ஒரு தாளில் எழுதி அனுப்பினால், நம் செயலாளர் அவற்றைத் தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் நேரில் கொடுக்க இசைந்துள்ளார். எமக்கு அளித்த நேரம் முடிந்துவிட்டதென்று தலைவர் மணியைப் பார்க்கின்றார்.